கிட்டாருக்கு இருபத்தைந்து வயசு

என் தொழில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது. தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. நசுங்கிய கதவை நிமிர்த்தி, பட்டி பார்த்து, தேய்த்து, நிறம் சேர்த்து அடித்துக் கொடுத்தால், அடிபட்ட இடம் எதுவென்று வண்டிக்காரருக்கே தெரியக் கூடாது. "இங்கனதான இடிச்சேன்?" என்று ஒருவர் தன் சொந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து தேடுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

அந்தப் பல் டாக்டரம்மாவும் அப்படித் தேடியவர்தான். குற்றாலத்தில் வீடு, தென்காசியில் கிளினிக். வீட்டு கேட்டில் உரசிய அவருடைய காரைச் சரிசெய்து கொடுத்தபோது, நோயாளி வாய்க்குள் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கதவு முழுக்கப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே அண்ணாச்சி, எனக்கே தெரியலையே" என்றார். டாக்டர் சொன்ன சொல் என்பதால் அதைக் கொஞ்ச நாள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஆறு மாதம் கழித்து, சாரல் தொடங்கியிருந்த ஒரு காலையில் மறுபடி வந்தார். காரில் ஒரு கீறலும் இல்லை. பின் சீட்டிலிருந்து இரண்டு நீளப் பெட்டிகளை இறக்கி என் மேசைமேல் வைத்தார். முதல் பெட்டியில் ஒரு புத்தம் புது எலெக்ட்ரிக் கிட்டார். வெண்ணெய் நிறம். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. இரண்டாவது பெட்டியில் இருந்ததைக் கிட்டார் என்று சொல்ல அவர்தான் வேண்டியிருந்தது. கழுத்து மூன்று துண்டு. உடம்பு நடுவில் பிளந்திருந்தது. கம்பிகள் மட்டும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இது புதுசு, இது பழசு" என்றார். "புதுசைப் பழசு மாதிரி ஆக்கித் தரணும்."

என் காதுதான் சரியில்லை என்று நினைத்தேன். "பழசைப் புதுசா ஆக்கணும். அதான டாக்டரம்மா?"

"இல்ல அண்ணாச்சி. புதுசைப் பழசா."

பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். உடைந்தது அவர் கணவருடைய கிட்டார். கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது, இருபத்தைந்து வருஷமாக வைத்திருக்கிறார். கணவருக்குத் துபாயில் வேலை; டாக்டரம்மா அவரை மச்சான் என்றுதான் சொல்வார். கிட்டாரை மட்டும் பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவில் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனவர்.

"போன்ல பிள்ளைகளக் கேக்கறதுக்கு முன்னாடி மச்சான் இதைத்தான் கேப்பாங்க. சாரலுக்குப் பூஞ்சை பிடிச்சிரும், வெயில் அடிச்சா வெளிய எடுத்து வைன்னாங்க. வச்சேன்."

மொட்டை மாடியில் கிட்டாரை வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கத் திரும்பியிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் கிட்டார் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்தது. ஒரு குரங்கு அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கம்பியை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கீழ போட்டுரக் கூடாதேன்னு, சத்தம் போடாம ஒரு வாழைப்பழத்தைக் காட்டுனேன். அதும் நல்ல குரங்குதான் அண்ணாச்சி. தட்டிப் பறிக்கல. மரியாதையா ரெண்டு கையையும் நீட்டிச்சு."

"ரெண்டு கையையுமா?"

"ரெண்டு கையையும்."

கீழே துவைக்கிற கல்.

கணவர் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊருக்கு வரப்போகிறார். இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது. அதே கம்பெனியில், அதே மாதிரியில் புதுசு ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவிட்டார். வயசுதான் பாக்கி.

"டாக்டரம்மா, நான் அடி தெரியாம பண்ணுதவன். நீங்க அடி தெரியிற மாதிரி பண்ணச் சொல்லுதீங்க."

"ரெண்டும் ஒரே வேலைதான்" என்றார் அவர். "அறுபது வயசு ஆளுக்கு ஒரு பல்லு கட்டுறேன்னு வைங்க. வெள்ளை வெளேர்னு கட்டுனா, வாய்க்குள்ள தேங்காச் சில்லு ஒட்டுன மாதிரி இருக்கும். பக்கத்துப் பல்லு எப்படி மஞ்சளா இருக்கோ அப்படித்தான் கட்டணும். சின்னதா ஒரு கறைகூட வரைஞ்சு வைப்போம். அதை ஏமாத்துன்னு யாராவது சொல்லுதாங்களா?"

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கிட்டாரின் முன்பக்கமும் பின்பக்கமும் பேனாவால் வரைந்திருந்தது. ஒவ்வொரு கீறலுக்கும் நம்பர். மொத்தம் இருபத்து மூன்று. பக்கத்தில் நீளம், ஆழம், நிறம். பல் ஆஸ்பத்திரியில் எந்தப் பல்லில் சொத்தை என்று குறிப்பார்களே, அதே ஒழுங்கு. அதற்குக் கீழே ஒவ்வொரு கீறலின் கதையும் இருந்தது. மூன்றாம் நம்பர், ஹாஸ்டலில் சிநேகிதன் சீப்பை எறிந்தபோது விழுந்தது. பதினொன்று, ரயில் கதவில் இடித்தது. ஏழாம் நம்பர் கீழ் ஓரத்தில் ஒரு பெரிய பள்ளம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மழையில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனபோது விழுந்தது. அம்மா இவரைப் பார்த்ததும், "ஏலே, முதல்ல அதைத் துடை" என்றாராம்.

வேலையை ஒத்துக்கொண்டேன். பட்டறையில் வைத்துச் செய்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்பான் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

முதல் நாள் மதியம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டார் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷமாகக் கீறலைக் கண்டால் தானாகத் தடவிப் பார்க்கிற கை இது. ஒரு பளபளப்பான பரப்பில் கீறல் போடச் சொன்னால் போட மாட்டேன் என்கிறது. நாலு தடவை ஓங்கினேன். நாலு தடவையும் துணியை எடுத்துத் துடைத்தேன்.

என் மனைவி முறத்தில் பீடி இலையோடு உட்கார்ந்து சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்திய?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த பீடியைச் சுற்றி முடித்து, நூல் கட்டி, முறத்தில் வைத்தாள். எழுந்து வந்து ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்தாள். கிட்டாரின் நடு முதுகில் ஒரு போடு போட்டாள்.

நான் ஓடிப்போய்த் துணியை எடுத்தேன்.

"இப்பம் புதுசு இல்லைல்லா?" என்றாள். "இனிமே செய்யலாம். செய்யுங்க." மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் போட்டது டாக்டரம்மாவின் சார்ட்டில் இல்லாத கீறல், மரம்வரை இறங்கியிருந்தது. அதை மறைக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. பழசாக்க எடுத்துக்கொண்ட கிட்டாரில் நான் பார்த்த முதல் வேலை, ஒரு கீறலைக் காணாமல் செய்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு கை ஓடியது.

கம்பெனியில் அடித்திருந்த பூச்சு சரிப்படாது. அது கல் மாதிரி. எத்தனை வருஷமானாலும் விரியாது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்தக் காலத்துக் கார்களுக்கு அடிப்போமே, அந்த என்.சி. பெயிண்டை மெல்லிசாக அடித்தேன். அதுதான் வயசானால் மயிர் மயிராக விரியும். ஆனால் அது விரிய இருபது வருஷம் வேண்டும். என்னிடம் இருந்தது இருபத்தோரு நாள். குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் சீக்கிரம் விரியும் என்று கணக்குப் போட்டு, குற்றாலம் ரோட்டில் ஜூஸ் கடை வைத்திருக்கிற சிநேகிதனிடம் போனேன். கிட்டாரின் கழுத்தைக் கழற்றி, உடம்பை மட்டும் பாலிதீனில் சுற்றி, அவன் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் படுக்க வைத்தோம். மேலே குச்சி ஐஸ்களை அடுக்கினான்.

அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த ஒருவர் பெட்டியைத் திறந்து கையை விட்டார். நின்றார்.

"அண்ணே, உள்ள என்ன இருக்கு?"

"கிட்டாரு" என்றான் சிநேகிதன்.

"எதுக்கு?"

"விரிசல் விழணும்லா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு மாம்பழ ஐஸை எடுத்துப் போனார். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை.

குளிர் கிடைத்தது. வெயில்தான் கிடைக்கவில்லை. மூன்று நாள் சாரல். உறைந்த கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். கடைசியில் பட்டறையில் பெயிண்ட் காய வைக்கிற சூட்டு மெஷினைக் கொண்டுவந்து காட்டினேன். டிக், டிக் என்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தால், தலைமுடி கனத்தில் ஒரு கோடு என் கண் முன்னாலேயே ஓடிப் போய் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. நான் அடித்த பெயிண்ட் விரிந்ததற்கு நான் கைதட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

டாக்டரம்மா இரண்டு நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்ப்பார். பையில் ஒரு பட்டை கொண்டுவருவார். அதில் வரிசையாகப் பதினாறு பிளாஸ்டிக் பற்கள், வெள்ளையிலிருந்து காவி வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நோயாளியின் பல் நிறத்தை ஒப்பிடுவதற்கானது. உடைந்த கிட்டார் மேல் ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்து, "உடம்பு ஏ-த்ரீ, ஓரம் ஏ-த்ரீ பாயிண்ட் ஃபைவ்" என்பார். பிறகு புதுசின் மேல் அதே பல்லை வைப்பார். "இன்னும் ஒரு சிகரெட் குறையுது அண்ணாச்சி." டீத்தண்ணியை நன்றாகச் சுண்டக் காய்ச்சி மேலே தடவினேன். நிறம் வந்தது. வெற்றிலைச் சாறு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது வேற வகை ஆளு" என்றார்.

ஆணிகளும் இரும்புச் சாமான்களும் துருப்பிடிக்க வேண்டும். வினிகரில் உப்பைப் போட்டு, சமையலறையில் கிடந்த ஒரு பாட்டிலில் ஊறப் போட்டேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி பாட்டிலோடு வந்து நின்றாள்.

"மாவடுன்னு நெனச்சுத் தெறந்தேன்."

"எடுக்கலையே?"

"ஒண்ணைக் கடிச்சுட்டேன்."

அந்த ஆணியை மட்டும் மாற்றினேன்.

பதினைந்தாவது நாள் இருக்கும். சார்ட்டில் இருபது நம்பர் முடிந்திருந்தது. ஆணிகளில் துரு எதுவரை இறங்கியிருந்தது என்று சரிபார்க்க, உடைந்த கிட்டாரின் மேல் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினேன். அதுவரை அதைக் கழற்றத் தேவைப்படவில்லை. கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவன், பாதி வழியில் நின்று திரும்பி வந்தேன்.

காரில் பின்னால் ஒட்டியிருக்கிற கம்பெனிச் சின்னத்தைப் பெயர்த்தால், அடியில் பழைய நிறம் அப்படியே புதுசாக இருக்கும். வெயில் படாத இடம் நிறம் மாறாது. எந்தப் பெயிண்டருக்கும் தெரிந்த விஷயம். இருபத்தைந்து வருஷக் கிட்டாரில் அந்தத் தகட்டுக்கு அடியில் வெண்ணெய் நிறம் இருக்க வேண்டும். இல்லை. மேலே இருந்த அதே மஞ்சள் அடியிலும் இருந்தது. வெயிலில் பழுத்த மஞ்சள் இல்லை. டப்பாவிலேயே கலந்து அடித்த மஞ்சள்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். கை பட்டுத் தேய்ந்ததாகச் சொன்ன இடத்தில் உப்புத்தாள் ஓடிய கோடுகள் ஒரே திசையில் வரிசையாகத் தெரிந்தன. எந்த மனிதனின் கையும் அப்படி ஒரே பக்கமாக இருபத்தைந்து வருஷம் தேய்க்காது. ஆணித் தலையில் மட்டும் துரு. உள்ளே இருந்த மரை பளபளவென்று இருந்தது. ஏழாம் நம்பர் பள்ளத்தில், சைக்கிளிலிருந்து விழுந்த அடி இல்லை. சுத்தியலின் வட்ட முகம் அரைப் பிறையாகத் தெளிவாகப் பதிந்திருந்தது.

எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து செய்த வேலை. நான் பதினைந்து நாளாகச் செய்துகொண்டிருந்த அதே வேலை. அவன் செய்ததைப் பார்த்துத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

மனைவியிடம் காட்டினேன். அவளுக்கு நம்பர் நம்பராக எல்லாக் கதையும் தெரியும். டாக்டரம்மா சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். ஏழாம் நம்பர் அவளுக்கு மிகவும் பிடித்தது.

"அப்பம் அம்மா ஆஸ்பத்திரியில இல்லையா?"

"இருந்திருக்கலாம். கிட்டாரு இல்ல."

அவள் தகட்டை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தாள். "நீங்க ஒண்ணும் சொல்லிராதிய. புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல நம்ம போய் நிக்கப்படாது."

சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு கோளாறு பிடித்துக்கொண்டது. முன்னால் செய்தவன் மேல் கோபம் வந்தது. என்ன வேலை செய்திருக்கிறான்? உட்கார்ந்து வாசிக்கிற ஆளின் முழங்கை எங்கே படும் என்றுகூட யோசிக்காமல், நாலு விரல் தள்ளித் தேய்த்திருக்கிறான். உண்மையான கிட்டாராக இருந்தால் அது இங்கே அல்லவா தேய்ந்திருக்கும்? கை சும்மா இருக்கவில்லை. இருபத்தோராம் நம்பரை, அது நியாயமாக இருக்க வேண்டிய இடத்தில் தேய்த்துவிட்டேன்.

டாக்டரம்மா வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார். அளவுகோலை வைத்தார்.

"அண்ணாச்சி, ஏழு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கு."

"கை அங்கனதான் படும் டாக்டரம்மா."

"மச்சான் கை இங்க பட்டிருக்கே."

"படாது. யாரு கையும் படாது. நீங்களே வச்சுப் பாருங்க."

அவர் கிட்டாரை மடியில் வைத்துக் கையைப் போட்டார். சார்ட்டில் இருந்த இடத்துக்கு முழங்கை போகவில்லை. உடம்பை வளைத்தார். தோளை இறக்கினார். "அவங்க நல்ல உயரம்" என்றார். என் மனைவியைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். அவளுக்கும் படவில்லை. அவள் என்னை முறைத்தாள், வாயைத் திறக்காதே என்று. நான் திறக்கவில்லை. எழுந்துபோய் உடைந்த கிட்டாரை எடுத்துவந்து, தகட்டைத் தூக்கி, அடியில் இருந்த மஞ்சளை மட்டும் காட்டினேன்.

அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பல் பட்டையை எடுத்து மேலே ஒரு தடவை வைத்தார், அடியில் ஒரு தடவை வைத்தார். இரண்டும் ஏ-த்ரீ. பிறகு பூதக்கண்ணாடிக்குக் கையை நீட்டினார். எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார், ஒன்றிலிருந்து. ஏழில் வெகு நேரம் நின்றார்.

"ஏழுக்கு நான் அழுதிருக்கேன் அண்ணாச்சி" என்றார்.

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கட்டுப்பல்லைத் தன் சொந்தப் பல் என்று, அதைக் கட்டிய அவரிடமே சாதித்த ஒரு நோயாளியின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் சின்னதாகிவிட்டது.

"பதினாலு வருசம். பொழுதன்னைக்கும் இந்த வேலையையே பார்க்கறவ நான். என் வீட்டுக்குள்ள இருந்தது தெரியல."

"இப்பம் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். "நிப்பாட்டிரவா?"

அவர் யோசித்தார். "இருபத்தொண்ணைப் பழைய இடத்துலயே வைங்க. மிச்சம் ரெண்டையும் முடிங்க. சார்ட்டுல உள்ளபடி."

"பொய்னு தெரிஞ்சுமா?"

"அவங்க பொய்யை வெளிய இழுத்தா, பின்னாலயே குரங்கும் வந்துரும்" என்றார்.

ஆக, அடுத்த ஒரு வாரம் நான் நியாயமான தேய்மானத்தை அழித்துவிட்டுத் தப்பான தேய்மானத்தைச் செய்தேன். ஏழாம் நம்பரை மறுபடி அடிக்க வட்ட முகச் சுத்தியலைத் தேடிப் பட்டறை முழுக்கப் புரட்டினேன்; கடைசியில் வீட்டில் என் மனைவிதான் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சொன்ன நாளில் கொடுத்தேன். அவர் பல் பட்டை, அளவுகோல், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டு, உடைந்ததையும் புதுசையும் அடுத்தடுத்து வைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்து, "தெரியல" என்றார். உடைந்ததை என் பட்டறைப் பரண்மேல் மறைத்து வைக்கச் சொன்னார்.

கணவர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, பட்டறை திறந்த கையோடு ஒருவர் வந்தார். நல்ல உயரம். மடிப்புக் கலையாத சட்டை. கையில் நான் நன்றாக அறிந்த பெட்டி. பரண் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"நீங்கதான அண்ணாச்சி? எங்க வீட்டு டாக்டரம்மா கார் வேலை பார்த்தது? அடிபட்டதே தெரியாதுன்னு அவ சொல்லுவா." அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்பம் எனக்கு அடி தெரியணும்."

உட்காரச் சொன்னேன். அவர் உட்காராமல் பெட்டியைத் திறந்தார்.

"உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு? இது பழைய கிட்டாரு இல்ல. துபாயில ஒரு கடையில வாங்குனது. புதுசையே பழசு மாதிரி செஞ்சு விக்கானுவ."

"அப்படியா பாய்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"காலேஜ்ல ஒருத்தன் வச்சிருந்தான். தொட விட மாட்டான். அவன் வாசிக்கும்போது நான் பக்கத்துல உக்காந்து பார்ப்பேன், அவ்வளவுதான். முப்பது வயசுக்கு மேல கையில காசு வந்துச்சு. கடைக்குப் போனேன். புதுசும் இருந்துச்சு, இதும் இருந்துச்சு. புதுசை வாங்குனா, அன்னைக்குத்தான் கத்துக்க ஆரம்பிக்கவன் ஆயிருவேன். இதை வாங்குனா…" நிறுத்திக்கொண்டார். "வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவ கேட்டா, இது எப்படி, அது எப்படின்னு. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு சொன்னேன்."

பதினாலு வருஷத்துக்கு முன்னால் சொன்னது. சொன்னவருக்கு மறந்துவிட்டது. கேட்டவருக்கு மறக்கவில்லை. இப்போது ஊருக்கு வந்ததிலிருந்து, சாயங்காலம் டீ குடிக்கும்போது டாக்டரம்மா தினம் ஒரு கீறலைக் காட்டி, "இது எப்படி மச்சான் விழுந்துச்சு? மறுபடி சொல்லுங்களேன்" என்று கேட்கிறாராம்.

"பரீட்சை வைக்க மாதிரி கேக்கா அண்ணாச்சி. நேத்து சைக்கிள்ல விழுந்த கதையைக் கேட்டா. நல்லாத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். முதுகுல மாட்டியிருந்தேன், மல்லாக்க விழுந்தேன், அதனால பின்பக்கம் அடின்னு வந்துருச்சு வாயில. அவ திருப்பிப் பார்த்தா. பின்னால ஒண்ணும் இல்ல. 'இங்கன ஒண்ணையும் காணலையே மச்சான்'னா. 'சாயங்கால வெளிச்சத்துல தெரியாது, காலையில பாரு, தெரியும்'னுட்டேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ கிளினிக்குக்குப் போயாச்சு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவா."

பத்து நிமிஷ வேலை. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுவிட்டேன். இந்தத் தடவை எனக்கு யாருடைய சார்ட்டும் இல்லை. மழையில், சைக்கிளிலிருந்து மல்லாக்க, தார் ரோட்டில் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி, பெரிதாக ஒன்று, அதிலிருந்து சறுக்கிப் போன மாதிரி சின்னதாக மூன்று. டீத்தண்ணி தடவி, பழைய அழுக்கை உள்ளே இறக்கினேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியதுபோல இருந்தது. "விழுந்த மாதிரியே இருக்கே" என்றார். பிறகு கிட்டாரைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினார். "ஆனா இதைச் செஞ்சவன் பெரிய கெட்டிக்காரன் அண்ணாச்சி. பாருங்க, இந்த விரிசலையெல்லாம். கடைக்காரன் சொன்னான், ஒவ்வொண்ணும் கையால செஞ்சதுன்னு. நம்ம ஊர்ல இப்படிச் செய்ய ஆள் கிடையாது."

"கிடையாது பாய்" என்றேன். என் வேலைக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, என் கண் முன்னாலேயே துபாய்க்குப் போயிற்று.

மதியம் இரண்டு மணிக்கு டாக்டரம்மா போன் செய்தார்.

"அண்ணாச்சி, பின்னால புதுசா நாலு கீறல் இருக்கு."

கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

"சார்ட்டுல இல்ல" என்றார்.

"காலை வெளிச்சத்துலதான் தெரியும்போல டாக்டரம்மா."

பிறகு, "ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க, சாப்பிட" என்று வைத்துவிட்டார்.

போனோம். மாடி வராந்தாவில் உட்கார வைத்தார்கள். எல்லாப் பக்கமும் கம்பிவலை அடித்திருந்தது. சாரல் வலையில் பட்டுப் பொடிப்பொடியாக உள்ளே வந்தது. பிரியாணி முடிந்ததும் பாய் கிட்டாரை எடுத்து வந்தார். ஒரு பாட்டு முழுசாகத் தெரிந்தது, இன்னொன்று பாதிவரை. முழுசாகத் தெரிந்ததிலும் நடுவில் ஒரு இடத்தில் நின்று, விரலைத் தேடி வைத்து, மறுபடி தொடங்கினார். பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். டாக்டரம்மா மட்டும் முகவாயில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடங்களில் இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்தேன்.

பிறகு பாய் தானாகவே எங்களுக்குச் சைக்கிள் கதையைச் சொன்னார். கிட்டாரைத் திருப்பிக் காட்டிச் சொன்னார். நான் போட்ட நாலு கீறலையும் சேர்த்துக்கொண்டிருந்தார். பெரியது ரோட்டில் பட்டது, சின்ன மூன்றும் சறுக்கியபோது ஜல்லி கிழித்தது. போட்டபோது நான் நினைத்த அதே வரிசை. அம்மா "ஏலே, முதல்ல அதைத் துடை" என்று சொன்ன இடத்தில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அது மட்டும் எங்கிருந்தோ நிஜமாக வந்தது என்று எனக்குப் பட்டது. கிட்டாருக்குப் பதில் வேறு ஏதோ ஒரு சாமானைத் துடைக்கச் சொல்லியிருக்கலாம், வேறு ஏதோ ஒரு மழையில். பக்கத்தில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியலை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

கிளம்பும்போது பாய் செருப்பு மாட்டுகிற சாக்கில் என் பக்கத்தில் குனிந்தார். "அவளுக்குத் தெரிஞ்சிரக் கூடாது அண்ணாச்சி." கேட் வரை வந்த டாக்டரம்மா, ஒரு வாளிப் பிரியாணியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார், "மச்சானுக்குத் தெரிய வேண்டாம்."

பஸ் வர நேரமாயிற்று. சாரலில் ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்றோம். ரெண்டு பேரும் என்ன சொன்னார்கள் என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னிய?"

"சரின்னேன்."

"ரெண்டு பேருகிட்டயுமா?"

"ரெண்டு பேருகிட்டயும்."

அவள் வாளியின் மூடியைத் திறந்து, மழை உள்ளே விழுகிறதா என்று பார்த்து மூடினாள். "நல்லா வாசிக்காருல்லா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தென்காசி பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தது.